பீரோ ஊர்வலம்

பேருந்து நின்றதும் ஓட்டுநர் இறங்கிப் போய், தெருமுனையில் கடை திறந்துகொண்டிருந்தவரிடம் விசாரித்துவிட்டு வந்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்த தோரணையைப் பார்த்துச் சுற்றுலா வழிகாட்டியம்மா இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார்.

"மேடம், திருவிழா போன சனிக்கிழமையே முடிஞ்சு போச்சாம்."

"என்ன சொல்றீங்க? நிகழ்ச்சித் தாள்ல இன்னிக்குன்னுதானே போட்டிருக்கு?"

"அது போன வருசத்துத் தாள் மேடம். கீழ பாருங்க."

பார்த்தார். மூலையில் பொடி எழுத்தில் போன வருடம் உட்கார்ந்திருந்தது. அலுவலகத்தில் யாரோ பழைய தாளையே எடுத்து, மேலே இருந்த படத்தை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

பின்னால் பதினோரு வெளிநாட்டுப் பயணிகள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். 'நூற்றாண்டுகளாக நடக்கும் ஊர்வலம், தோளில் சுமந்து வருவார்கள், தெருவே திரண்டு பின்னால் போகும்' என்று இரண்டு மணி நேரமாக ஒலிபெருக்கியில் அவர்களை உசுப்பேற்றிக்கொண்டு வந்தவர் இவர்தான். இப்போது எந்த வாயால் இல்லை என்பது?

அந்த நேரம் பார்த்துத் தெருவின் மறுகோடியில் ஒரே கூச்சல். நாலு பேர் தோளில் ஒரு பெரிய மர பீரோ ஆடி அசைந்து வந்தது. அதற்கு முன்னால் ஓர் அம்மாள் பின்பக்கமாகவே நடந்தபடி, இரண்டு கைகளையும் உயர்த்திக் கத்திக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் மகள் சுவர்க்கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்து வந்தாள். மாமியார் கையில் நிலைக்கண்ணாடி.

விஷயம் ஒன்றுமில்லை. அந்தக் குடும்பம் வீடு மாறிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளிப் போவதற்கு வண்டி எதற்கு, உங்கள் தம்பி இருக்கிறார், என் தம்பி இருக்கிறான், பக்கத்து வீட்டுத் தையல்காரரும் வருவார் என்று அந்த அம்மாள் கணவரிடம் சொல்லி முடிவெடுத்ததன் பலன்தான் இது.

"இதுதானா?" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார் பயணிகளில் ஒருவரான ஓய்வுபெற்ற டீச்சர். கையில் குறிப்பேடு தயாராக இருந்தது.

'இல்லை' என்று சொல்லத்தான் வழிகாட்டி வாயைத் திறந்தார். வெளியே வந்தது 'ஆமாம்'.

அவ்வளவுதான், பதினோரு பேரும் தடதடவென்று இறங்கினார்கள். ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரை ஆராயத் தொடங்கினார்.

"டேய், சுவத்துல இடிக்காதடா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அந்த அம்மாள் தன் தம்பியைப் பார்த்து அலறினாள்.

"முன்னால வர்ற அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் டீச்சர்.

"தெருச் சுவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது, சுமப்பவர்களுக்கு முன்னும் பின்னும் பார்வை கிடைக்கணும்னு வேண்டிக்கறாங்க."

"எங்கப்பா வாங்கிக் குடுத்ததுதானே, ஒடஞ்சா ஒடையட்டும்னு நெனப்பு உங்களுக்கு!" இது கணவருக்கு.

"முன்னோரை நினைச்சுக்கறாங்க."

பீரோவின் முன்காலைச் சுமந்திருந்த கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"அவர் சொல்றது?"

"அது சத்தமா சொல்லக்கூடாத மந்திரம்."

டீச்சர் பயபக்தியோடு பக்கத்தைப் புரட்டினார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதற்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்ததில் வழிகாட்டிக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. போதாததற்கு, தாங்களும் சுமக்கலாமா என்று பயணிகள் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் தயங்கித் தயங்கி அந்த அம்மாளிடம் போனார்.

"அக்கா, இவங்களும் ஒரு கை குடுக்கறாங்களாம்."

"இதைக் கேட்டுக்கிட்டா நிப்பாங்க? புடிக்கச் சொல்லும்மா!"

மறுநிமிடம் பழைய வீட்டு வாசலில் கிடந்த மெத்தை இரண்டு பேர் தலையில் ஏறியது. அடுப்பு ஒருவர் கைக்கும், தலையணை அவர் மனைவி கைக்கும் போனது. டீச்சருக்குக் கிடைத்தது துடைப்பம். அதை அவர் இரண்டு கைகளாலும் நேராக ஏந்தி, தரையைப் பார்த்தபடி நடந்தார்.

புது வீடு மாடியில் இருந்தது. படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. அந்தத் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கணவர் பீரோவுக்கு மேல்பக்கம் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சாவி கீழே மனைவியின் கையில்.

பயணிகளில் ஒருவர் தச்சர். பீரோவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கதவையும் காலையும் கழற்றினால் போய்விடும் என்றார். பையிலிருந்து திருப்புளியையும் எடுத்துவிட்டார். டீச்சர் துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றார்.

"புனிதமான பொருளைப் பிரிக்கறதா? விடமாட்டோம்!"

ஆறு பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

"யாராவது ஏதாவது பண்ணுங்கப்பா, கால் மரத்துப் போச்சு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"இது திருவிழா இல்லைங்க. திருவிழா போன வாரமே முடிஞ்சிருச்சு. இவங்க வீடு மாத்தறாங்க. அது துணி வைக்கிற பீரோ. நான் சொன்னதெல்லாம் பொய்."

டீச்சர் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார், பிறகு வழிகாட்டியைப் பார்த்தார். ஒரு தம்பதி அடுப்பையும் தலையணையையும் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று பேருந்துக்குப் போய்விட்டார்கள்.

"என்னம்மா ஆச்சு? எதுக்கு எல்லாரும் பேயறஞ்ச மாதிரி நிக்கறாங்க?" என்று அந்த அம்மாள் கேட்க, அவளிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப நான் கத்தினதை எல்லாம் என்னன்னு சொன்னே?"

வழிகாட்டி காது சிவக்க, ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். முடிப்பதற்குள் பீரோவுக்கு மேலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, நீ இங்கயே தங்கிரும்மா! இவ பேசறதை எனக்கும் தினம் அப்படியே மாத்திச் சொல்லு!"

முதலில் சிரித்தது அந்த அம்மாளின் தம்பி. அவன் சிரித்த சிரிப்பில் பீரோ ஆட, "டேய், புடிடா!" என்று கத்தியபடியே அவளும் சிரித்துவிட்டாள். தச்சர் யாரையும் எதிர்பார்க்காமல் கதவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். அரைமணி நேரத்தில் பீரோ மேலே போய்ச் சேர்ந்தது. இழுப்பறைகளை வழிகாட்டியே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார். சும்மா நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மூட்டைகள் மேல் உட்கார்ந்து எல்லோரும் டீ குடித்தார்கள். கோப்பை போதாமல் தச்சருக்குச் சொம்பில் கிடைத்தது. டீச்சர் மட்டும் நின்றுகொண்டே குடித்தார். திரும்பும் வழியில் பாதி தூரம் வரை அவர் குறிப்பேட்டில் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். பிறகு எழுந்து முன்னிருக்கைக்கு வந்தார்.

"அந்த மந்திரம்?"

"கெட்ட வார்த்தைங்க."

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தார்.

தம்பதி புகார் எழுதிக் கொடுத்தார்கள். மேலாளர் விளக்கம் கேட்டார். வழிகாட்டி நடந்ததை மறைக்காமல் எழுதினார். இரண்டு வாரத்துக்குப் பயணம் கிடையாது, உட்கார்ந்து எல்லாத் தாள்களிலும் தேதி சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நியாயம்தான் என்று அவருக்கே தோன்றியது.

மூன்றாம் நாள் தேதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்த அம்மாள்தான்.

"தங்கச்சி, பீரோ ஜன்னலை மறைக்குது. அந்தப் பக்கத்து ரூமுக்கு மாத்தணும்னு பாக்கறேன். அன்னிக்குக் கை குடுத்தவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்களா, இருக்காங்களா?"