தெரியாதவர்கள் இடது கை

தகுதித் தேர்வுக் குழு பள்ளிக்குள் நுழைந்தபோது துணைத் தலைமையாசிரியை சத்கின் வாசலிலேயே காத்திருந்தாள். முதலில் வந்த இருவருக்கும் அணைப்பு, கன்னத்தில் முத்தம். மூன்றாவது ஆளைப் பார்த்ததும் விரித்த கைகள் பாதியில் நின்றன.

"நுர்ஸாத்? நீயா?"

"நானேதான் எஜே." நுர்ஸாத் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை நிதானமாகத் தட்டினாள். மூத்தவளை 'எஜே' என்று அக்கா முறை சொல்லித்தான் அழைக்க வேண்டும். நரின் என்ற அந்த மலையூரில் எதிரிக்கும் அந்த மரியாதை உண்டு.

"மாகாணத்துலேர்ந்து நிபுணர் வர்றாங்கன்னுதானே சொன்னாங்க..."

"அந்த நிபுணர் நான்தான். கற்கும் ஆர்வம் இல்லாதவளைப் போய் அனுப்பியிருக்காங்க பாருங்க, காலக்கொடுமை!"

சத்கின் சத்தமாகச் சிரித்தாள். தங்கப் பல் மின்னியது. கண்கள் சிரிக்கவில்லை.

கற்கும் ஆர்வம் இல்லாதவர். ஏழு வருடத்துக்கு முன்னால் நுர்ஸாத்தின் சுய வளர்ச்சித் திட்டத்தின் மேல் சத்கின் சிவப்பு மையில் எழுதிய வரி அது. ஐந்து வருடத்தில் என்னென்ன கற்கப்போகிறோம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் எழுதிக் கொடுக்கும் படிவம். பெரும்பாலோர் பக்கத்து மேஜையைப் பார்த்து எழுதுவார்கள். நுர்ஸாத் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். கூடவே சமையலறைச் சாமான்களை வைத்தே இயற்பியல் நடத்தும் தன் சோதனை நோட்டையும் இணைத்தாள்.

அவளுடைய மாதிரி வகுப்புக்கு முதல் நாள் சத்கின் காதோரம் வந்து சொன்னாள். "எல்லாப் பிள்ளைங்களும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை, தெரியாதவங்க இடது கை. வலது கையைப் பார்த்துக் கூப்பிடு. குழு அசந்துபோகும்."

நுர்ஸாத் மறுத்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் ஐந்தே கைகள் எழுந்தன. குழு உதட்டைப் பிதுக்கியது. வேலை போயிற்று. நோட்டு மட்டும் போகவில்லை; அடுத்த வருடம் சத்கினின் பெயரோடு தலைநகரில் முதல் பரிசு வாங்கியது.

அந்தச் சிவப்பு மைப் பக்கத்தை நுர்ஸாத் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். உப்பு எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும்! விடியற்காலை ஐந்து மணிக்கு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மாட்டுக்கொட்டில் கூரையில் ஏறி, கைப்பேசியில் பாடம் கேட்டாள். புது மொழி ஒன்று கற்றாள். தேர்வு மதிப்பீடு கற்றாள். ஒன்பது சான்றிதழ்கள் சேர்ந்ததும் மாகாணம் அவளை நிபுணராக எடுத்துக்கொண்டது. "அறிவுத் தாகமாம்!" என்று ஊர் மெச்சியது. தாகம்தான். ஆனால் தண்ணீருக்கு இல்லை.

இன்று அவள் கையெழுத்து விழுந்தால் சத்கினுக்கு உயர்நிலைத் தகுதி. வசந்தத்தில் தலைமையாசிரியை நாற்காலி. விழாவிட்டால் இரண்டும் இல்லை.

எட்டாம் வகுப்பில் சத்கினின் மாதிரி வகுப்பு. மேஜையில் மின் அடுப்பு, கெட்டில், வெப்பமானி. எல்லாமே நுர்ஸாத்தின் நோட்டில் நான்காம் பக்கம்! கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு வண்ண அட்டவணை, அதே நோட்டின் ஆறாம் பக்கம். கடல் மட்டத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். நரினில் தொண்ணூற்று மூன்று. சோன்-குல் ஏரிக்கரையில் எண்பத்து மூன்று.

எண்பத்து மூன்றா?

நுர்ஸாத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொண்ணூறு என்று எழுத வேண்டிய இடத்தில், அன்று தூக்கக் கலக்கத்தில் அவள் பேனாதான் சறுக்கியிருந்தது. ஏழு வருடம். ஏரிக்கு ஒரு வெப்பமானியை எடுத்துப் போக சத்கினுக்கு ஒரு கோடைகூடக் கிடைக்கவில்லை.

"இங்க தண்ணி ஏன் நூறு டிகிரிக்கு முன்னாடியே கொதிக்குது?" என்று கேட்டாள் சத்கின்.

சரேலென்று இருபத்தாறு கைகள்.

குழுத் தலைவர் எஷென்குல் குனிந்து கிசுகிசுத்தார். "என்னா உற்சாகம் பார்த்தீங்களா!"

நுர்ஸாத் எண்ணினாள். வலது ஒன்பது. இடது பதினேழு.

எழுந்தாள். "நான் ஒரு பிள்ளையைக் கூப்பிடலாமா எஜே?"

சத்கின் விரலிடுக்கில் சாக்பீஸ் ஒடிந்தது. "தாராளமா. முன் பெஞ்சுல இருக்கிற..."

"இல்லை. ஜன்னலோரம் கடைசியில, இடது கை தூக்கியிருக்கே, அந்தப் பொண்ணு. உன் பேர் என்னம்மா?"

"பெர்மெத்." பெண் எழுந்தாள். நுர்ஸாத் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இப்போது விழிக்கப்போகிறாள்.

"உயரம் போகப் போக காத்து அமுக்குறது குறையும். அதனால தண்ணி சீக்கிரம் கொதிச்சிடும். ஆனா சூடு பத்தாது. மேய்ச்சலுக்கு மலைமேல போனா எங்கம்மா ஆட்டுக்கறியை அரைநாள் வேகவைப்பாங்க. கொதிக்குதேன்னு இறக்கினா செருப்பைக் கடிச்ச மாதிரி இருக்கும்."

வகுப்பே சிரித்தது. எஷென்குல் தொடையில் தட்டினார். நுர்ஸாத் போட்ட கணக்கு தப்பிப் போயிற்று.

தங்கப் பல் மீண்டும் மின்னியது. "வேற யாரையாவது கேக்கணுமா, நிபுணரம்மா?"

பெர்மெத் இன்னும் உட்காரவில்லை.

"மன்னிச்சுக்கங்க எஜே," என்றாள் சத்கினிடம். "தெரிஞ்சா வலது கை, தெரியலைன்னா இடது கைன்னு மூணு நாளா சொன்னீங்க. நான் இடது கைக்காரி. பதில் தெரிஞ்சதும் இந்தக் கைதான் முந்திக்குது. அதனாலதான் ஒத்திகையில நீங்க என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலை."

பதினாறு இடது கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பக்கத்து அறையில் விருந்து மேஜை தயாராக இருந்தது. ஆவி பறக்கும் கறிக்கொழுக்கட்டை, குதிரைக்கறித் துண்டுகள், நடுவில் ரொட்டி.

"விடும்மா," என்றார் எஷென்குல், கொழுக்கட்டையிலேயே கண்ணாக. "எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கிறதுதான். நான் வாத்தியாரா இருந்தப்ப செய்யலையா? முதல்ல ரொட்டியைப் பிய்ச்சு வாயில போடு."

"முதல்ல எழுதிடறேன் ஐயா. ரொட்டியைத் தொட்டுட்டா அந்த வீட்டுக்கு எதிரா எழுதக் கை வராது."

சத்கின் அவள் முழங்கையைப் பற்றி ஜன்னலோரம் இழுத்துப் போனாள். "தங்கச்சி, அந்த நோட்டு யாரோடதுன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பழசைக் கிளறி என்ன கண்டோம்? பெயில்தானே? போட்டுட்டுப் போ. அடுத்த வருஷம் வேற குழு வரும்."

"பெயிலா? சேச்சே!" நுர்ஸாத் காகிதத்தை விரித்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சிவப்பு மை.

எழுதி முடித்து எஷென்குலிடம் நீட்டினாள். பெயில் என்ற வார்த்தையைத் தேடினார், காணோம். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். வழியெல்லாம் தூங்கி வந்த இன்னொரு அதிகாரி படிக்காமலே போட்டார்.

சத்கின் படித்தாள். தகுதி ஓராண்டு நிறுத்திவைப்பு. கற்கும் ஆர்வத்தை வளர்க்கச் சுய வளர்ச்சித் திட்டம். சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்குப் பாடம். பாடநூல்: பரிசு பெற்ற சோதனை நோட்டு. வழிகாட்டி: நுர்ஸாத்.

"இதுக்குப் பெயிலே போட்டிருக்கலாமே!"

"பெயில் போட்டா ஒரு வாரம் அழுதுட்டு மறந்துடுவீங்க எஜே. எனக்கு ஏழு வருஷம் மறக்கலை. உங்களுக்கு மட்டும் எதுக்கு அந்தச் சலுகை?"

பிறகு ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். நன்றாக மென்றாள்.

முதல் சனிக்கிழமை. அதே எட்டாம் வகுப்பு அறை. ஆள் இல்லாத பெஞ்சுகள். முன்வரிசையில் சத்கின் மட்டும், புது நோட்டோடு. அவளுக்குச் சின்னதான அந்தப் பெஞ்சில் முழங்கால் இடித்துக்கொண்டிருந்தது.

"ஆறாம் பக்கத்து அட்டவணையில ஒரு தப்பு இருக்கு. ஏழு வருஷமா பிள்ளைங்களுக்கு அதைத்தான் சொல்லித் தர்றீங்க. என்ன தப்பு?"

சத்கின் பக்கத்தைப் புரட்டினாள். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. காதுமடல் சிவந்தது.

"வெளியில யாரும் இல்லை எஜே. வெக்கப்படாதீங்க. கை தூக்குங்க."

வெகுநேரம் கழித்து, மெல்ல, ஒரு கை எழுந்தது.

இடது கை.

"அப்பாடா," என்றாள் நுர்ஸாத். "இப்ப ஆரம்பிக்கலாம். எழுந்து நில்லுங்க."