கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்து எழுதியதல்ல. அக்கா என் நாவலை உடைத்துப் போட்டாள், அதில் பிறந்தது.

ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து சரித்திர மர்ம நாவல் எழுதிய முதல் ஆள், சுதர்சினியாகிய நான்தான். (வேறு யாராவது இருந்தால் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.) மூன்று வருட உழைப்பு. தம்புள்ளைக்குப் பக்கத்தில், இப்பன்கட்டுவவில் பழங்காலக் கற்கல்லறைகள் இருக்கின்றனவே, கதை அங்கே நடக்கிறது. ஒரு மணி வணிகன் கல்லால் அடித்துக் கொல்லப்படுகிறான். பழி குயவன்மேல் விழுகிறது. களிமண் சுமந்துபோன எயினி என்பவள்தான் ஒரே சாட்சி. வெள்ளிக்கிழமை மாத்தளை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

2

நாவலின் உயிரே இந்த வரிதான்:

‘முதுகுக் கூடையின் கயிறு உச்சந்தலையை அழுத்த, நடந்தபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள் எயினி. குயவன் கையில் கல் இருந்தது.’*

இந்தச் சாட்சியை நம்பி அரசனின் அதிகாரி குயவனுக்கு மரண தண்டனை கொடுக்கிறார்.

அக்கா கிருஷ்ணம்மா இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். என்னைப் படிக்கவைத்தவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், பாராட்டுவாள் என்ற நினைப்பில். இந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கயித்துல பாரம் தொங்கினா கழுத்து திரும்பாது புள்ள. நின்னு, ஒடம்போடதான் திரும்பணும். அந்தப் பொம்பள பாக்கல. பொய் சொல்றா."

* அந்தக் காலத்தில் தலைக்கயிற்றுக் கூடை இருந்ததா என்று கேட்காதீர்கள். என் நாவலில் இருந்தது.

3

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முந்நூறு பக்கம்! கூடையைக் கொண்டுவா, நான் திரும்பிக் காட்டுகிறேன் என்றேன். அரிசி மூட்டையை உள்ளே வைத்து, கயிற்றை என் தலையில் மாட்டிவிட்டாள். நாலடி நடந்தேன். பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

கழுத்து அசையவில்லை.

சின்ன வயதில், கொழுந்து நிறுக்கப் போகிற அக்காவைப் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே ஓடுவேன். ஒருநாளும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை. என்மேல் வெறுப்பு என்று நினைத்து நான்

[இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை.]

4

முடிவு ஒன்று: குயவன் தப்பி ஓடுகிறான். (அடித்துவிட்டேன். ஓடினால் அவன்தான் கொன்றான் என்பார்கள்.)

முடிவு இரண்டு: எயினிக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவன் பிடிபடுகிறான். (சொல்லிக்கொடுத்தவள் நான்தானே!)

கடைசியில் கூட்டத்துக்குள் இன்னொரு கூடைக்காரியை நிறுத்தினேன். அதிகாரி கோட்டைவிட்டதை அவள் ஒரே பேச்சில் பிடித்துவிடுகிறாள். அக்கா சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அவள் வாயில் வைத்திருக்கிறேன். ஈராயிரம் வருடத்துக்கும் முந்தியவள் லயத்துத் தமிழ் பேசுவாளா என்று பண்டிதர்கள் கேட்கலாம். பேசுவாள். என் நாவலில் துப்பறிவது என் அக்கா. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

5

இது கடைசிப் பக்கம். குயவனுக்காகக் கல்லறை திறந்து கிடக்கிறது. சோதித்துப் பார்க்க, எயினியின் தலையில் கூடைக் கயிற்றை மாட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள். பின்னாலிருந்து யாராவது அவளைக் கூப்பிட வேண்டும். கழுத்து திரும்பினால் குயவன் செத்தான்.

நான் கூப்பிட மாட்டேன். நான் கூப்பிட்டதெல்லாம் போதும். நீங்கள் கூப்பிடுங்கள்.

அவள் திரும்பவில்லை என்றால், காதில் விழவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.