சத்தமில்லாமல் ஓடிய சைக்கிள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சத்தம் என்றாலே ஆகாது. கட்டடம் கட்டடமாகப் போய்ச் சத்தத்தை அடக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. கதவு கிறீச்சிட்டால் ஒரு நோய், கம்பிக் கயிறு முனகினால் இன்னொரு நோய். வீட்டிலும் அதே கதைதான். ஜன்னல், மின்விசிறி, கட்டில் கால் என்று வாய் திறந்த எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டு அடைத்துவிட்டார். "என் வாய்க்குத்தான் இன்னும் கிரீஸ் கிடைக்கல போல" என்பாள் மனைவி.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் துருப்பிடித்த மவுண்டன் பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் தள்ளாட, பின்சக்கரம் 'டிக்... டிக்கு டிக்' என்று நொண்டியடிக்க, தெருவே திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இது சைக்கிளா, சைக்கிளோட எலும்புக்கூடா?"

"சாம்பல் கலர் பெயிண்டுக்கு அடியில மஞ்சள் இருக்கு. பாத்தியா?" என்று ஒரு கீறலைக் காட்டினார். முகமெல்லாம் பல். கல்யாணமானதிலிருந்து அந்த மஞ்சள் சைக்கிள் கதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

கதை பெரிதல்ல. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு கடை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மவுண்டன் பைக். தடிதடியாய் டயர், கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளும் கியர். மீசை அரும்பாத வயதில் அவர் தினமும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பார். அவர் நகர்ந்ததும் கடைக்காரர் துணியோடு வந்து அந்த மூக்கின் அடையாளத்தைத் துடைப்பார். அப்பாவிடம் கேட்டார். அப்பா திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அப்பாவோ ஒரு வாரம் யோசித்து, உயரமான கறுப்பு சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். அப்பாவும் ஓட்டலாம், அம்மாவையும் பின்னால் உட்கார வைக்கலாம், மூட்டையும் ஏற்றலாம். எல்லோருக்கும் ஆன சைக்கிள். ஆசை மட்டும் அந்தக் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

இந்தச் சைக்கிள் கிடைத்தது தற்செயல்தான். சரிவான தெரு ஒன்றின் அடியில் இருந்த பழைய குடியிருப்புக்கு லிஃப்ட் பார்க்கப் போனவர், படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாய்க்குள் இதைக் கண்டுபிடித்தார். தரைத்தளத்தில் குடியிருந்த டீச்சருடையது. பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் யாரும் தொடல தம்பி," என்றார் டீச்சர். "சும்மா கெடந்து துருப்பிடிக்கிறதுக்கு யாராவது ஓட்டட்டுமே. எடுத்துட்டுப் போங்க."

அதன்பிறகு பால்கனி அவருடையதாகிவிட்டது, காயப்போட்ட துணியெல்லாம் கூடத்துக்கு வந்தது. வேலை முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாம்பல் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார். கடைக் கண்ணாடிக்குள் பார்த்த அதே மஞ்சள் வரும்வரை கலவையை மாற்றி மாற்றி அடித்தார். கியருக்காக ஊரிலுள்ள பழைய சாமான் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார். கடைசியில் பின்சக்கரம். பெடல் மிதிக்காதபோது பின்சக்கரத்தின் நடுவில் மூன்று சின்னக் கொக்கிகள் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் போடும். அதில் ஒரு கொக்கியின் ஸ்பிரிங் நசுங்கியிருந்தது, அதுதான் அந்த நொண்டி. பொட்டலமாகப் புது ஸ்பிரிங் வாங்கி ஒன்றைப் போட்டார். அது போதாதென்று கட்டைவிரலால் கெட்டியான கிரீஸை அள்ளி உள்ளே அப்பினார். சுற்றிவிட்டால் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. மனைவி பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

விடிந்தால் சைக்கிள், விடுமுறை என்றால் சைக்கிள். நரைத்த தலையோடு ஒரு பையன் தெருத்தெருவாகச் சுற்றினான். இப்படி இருக்கும்போதுதான் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, வீட்டைக் காலி பண்ணிட்டு மககிட்டயே போறேன். அதுக்குள்ள ஒரு தடவ அந்த சைக்கிளை இங்க கொண்டுவர முடியுமா?"

"தாராளமா டீச்சர். பாத்தா அசந்துடுவீங்க. அடையாளமே தெரியாது!"

"பாக்க வேணாம் தம்பி. கேட்டாப் போதும்."

அவருக்குப் புரியவில்லை.

"அவரு வேலைலேருந்து வரும்போது இந்த இறக்கத்துல மிதிக்காமயே வருவாரு. நொண்டியடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். எத்தன சைக்கிள் வந்தாலும் அது தனியாத் தெரியும். சத்தம் கேட்டதும் அடுப்பப் பத்த வச்சிடுவேன். போட்டோ இருக்கு, சட்டை இருக்கு, மகளோட போன்ல அவர் குரல்கூட இருக்கு. அந்தச் சத்தம் மட்டும் எங்கயும் இல்ல தம்பி."

மெக்கானிக் "ஞாயித்துக்கிழமை வரேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"அந்தச் சத்தம் போயிடுச்சுன்னு உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"எப்படிச் சொல்றது? நான்தானே என் கையாலேயே அத அடைச்சேன்? அதுக்குப் பெருமை வேற பட்டுக்கிட்டேன்." தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்தப் பழைய ஸ்பிரிங்காவது இருக்கா?"

"பால்கனியக் கூட்டினப்போ குப்பையோட போயிருக்கும். வைரம்னு நீங்க சொல்லலையே."

சக்கரத்தைக் கழற்றினார். மண்ணெண்ணெய் விட்டுக் கிரீஸை ஒரு பொட்டு விடாமல் கழுவினார். புது ஸ்பிரிங்கைக் குறட்டால் நசுக்கினார். நல்ல பொருளை வேண்டுமென்றே கெடுப்பது அவர் கைக்குப் பழக்கமில்லாத வேலை, விரல் கூசியது. மாட்டிச் சுற்றினால் 'டிக் டிக் டிக்' என்று ஒழுங்காகத் தட்டியது. இன்னும் நசுக்கினால் கொக்கி எழும்பவே இல்லை. எந்த அளவில் நொண்டியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சத்தத்தை விரட்டத் தெரிந்த மனிதருக்கு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கவில்லை.

"அப்படி இல்ல," என்றாள் மனைவி, வாசற்படியில் சாய்ந்து நின்றபடி.

"எப்படி இல்ல?"

"ஒண்ணு தட்டிட்டு நிக்கும். அப்புறம் ரெண்டு சேந்து ஓடிவரும். தெருவே வேடிக்கை பாத்துச்சு, எனக்கு மானமே போச்சு. அது எப்படி மறக்கும்?"

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஸ்பிரிங்கை வளைத்து வளைத்து மாட்டினார், சுற்றினார். "இல்ல." கழற்றினார், மாட்டினார். "கிட்ட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் நொண்டணும்." சோறு ஆறிப்போனது, இருவரும் கண்டுகொள்ளவில்லை. பொட்டலத்திலிருந்த ஸ்பிரிங்கெல்லாம் தீரப்போகும் நேரத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஆங். இதுதான் என் மானத்த வாங்கினது."

அவர் எழுந்து கிரீஸ் கையோடே அவள் தலையைத் தொடப் போனார். "முதல்ல கையக் கழுவுங்க," என்றாள். குரலில் கோபமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை டீச்சர் வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. வாசலுக்கு வந்தவர் சைக்கிளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இது மஞ்சளா? அவரு வாங்கும்போதே சாம்பலாத்தான் இருந்துச்சு. ரொம்ப அழகா இருக்கு தம்பி." சிரித்தார். வேறு யாருடைய சைக்கிளையோ பாராட்டுகிற சிரிப்பு அது. மிச்சமிருப்பது அந்தச் சத்தம் ஒன்றுதான், அதுவும் பிசகிவிட்டால் இந்த அம்மா வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டும்.

"நான் அடுப்படில இருக்கேன். நீங்க மேலேருந்து வாங்க," என்று டீச்சர் உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தார். சிறுவயதில் எந்தச் சைக்கிளுக்காக ஏங்கினாரோ அதில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அது அப்போது நினைவிலேயே இல்லை. காலை அசைக்காமல் இறக்கத்தில் விட்டார். டிக்... டிக்கு டிக். டிக்... டிக்கு டிக். இரண்டு பக்கச் சுவரிலும் பட்டுச் சத்தம் அவருக்கு முன்னால் ஓடியது. அடுப்படி ஜன்னலுக்குக் கீழே வந்து பிரேக் பிடித்தார்.

உள்ளே ஒரு சலனமும் இல்லை. தப்பாகிவிட்டது என்று நினைத்தார்.

அப்புறம் அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம். அதன்பின் டீச்சரின் குரல், தினமும் சொல்லிச் சொல்லிச் சலித்த மாதிரி.

"என்னங்க, இன்னிக்கு இவ்ளோ லேட்டு?"

தம்பியிடம் கேட்ட கேள்வி இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சைக்கிளைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னலைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வேலை கொஞ்சம் அதிகம்."