மலையேறிய கம்ப்யூட்டர்

அடி அண்ணாமலை ஊரில் கோதண்டராமன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மலையேறியது. சமையலறை மேடையிலிருந்து தானே இறங்கி, பின்பக்கத்து ஒயரை வால் போல இழுத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப்போய், கிரிவலப் பாதையைக் குறுக்கே தாண்டி, வேலிக்கு அடியில் புகுந்து மலைப்பக்கம் போனது. எதிர் டீக்கடையில் அப்போது ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஆறு பேர் போனில் படம் பிடித்தார்கள். இந்த ஊர்க்காரர்களின் லட்சணம் இதுதான். எது நடந்தாலும் கும்பிடுவார்கள், இல்லாவிட்டால் படம் எடுப்பார்கள். ஏன் நடந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

ஏன் நடந்தது என்று நான் சொல்கிறேன். கோதண்டராமன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் விசில் ஊதி வண்டியை நிறுத்தியும் கிளப்பியும் பழகியதால், எந்த மெஷினும் தன் வாய்ச்சொல்லைக் கேட்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம். அவருடைய மகள் கவியா நிலக்கடலையின் இலைப்புள்ளி நோயைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான்கு வருடமாகக் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் வெயிலில் குத்தவைத்து, செடிக்கு எத்தனை இலை, இலைக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டு வந்து, சாயங்காலம் வீட்டில் பதிவாள். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் வல்லரசு, என்ன வேலைக்கு என்று முதலில் கேட்டான். டைப் அடிக்கவும் அட்டவணை போடவும் என்றாள் கவியா. அதற்குச் சாதாரண மெஷினே ஜாஸ்தி, மிச்சப்படுவதில் கரண்ட் போனால் தாங்குகிற யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றான் அவன். ஊரிலேயே உருப்படியாக யோசனை சொல்கிற ஒரே கடைக்காரன். கோதண்டராமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிகிற, பையன்கள் சண்டை விளையாட்டு ஆடுவதற்கென்று செய்த மெஷினைக் காட்டி, இதுதான் அக்கினித் தலத்துக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார். யுபிஎஸ் கறுப்பாக இருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்.

வாங்குகிற ஒவ்வொருவருக்கும் வல்லரசு ஒரு தாள் கொடுப்பான். பராமரிக்கவும் பாதுகாக்கவும் பதினொரு குறிப்புகள், அவனே அச்சடித்தது. கோதண்டராமன் அதை மரியாதையாக இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களின் வரிசையில் மாட்டினார். சட்டத்துக்குள் வைப்பதற்கு முன் தாளுக்கு மஞ்சள் தடவி நான்கு மூலையிலும் நடுவிலும் குங்குமம் வைத்தார். நடுவில் வைத்த பொட்டு ஆறாம் குறிப்பை முழுசாக மறைத்துவிட்டது. மற்ற பத்தும் நன்றாகவே தெரிந்தன. அவற்றையும் யாரும் படிக்கவில்லை. தினமும் சூடம் காட்டிக் கும்பிட்டார்கள்.

காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்பது முதல் குறிப்பு. வாஸ்து பார்க்கும் திருமலை வந்து, மின்சாரமும் நெருப்புதானே என்று தென்கிழக்கைக் காட்டினார். அந்த வீட்டின் தென்கிழக்கில் இருந்தது அடுப்பு. ஆகவே கம்ப்யூட்டர் அடுப்பு மேடையில் ஏறியது. கோதண்டராமனின் மனைவி ரேணுகாம்பாள் கடுகு தாளிக்கும்போதெல்லாம் அதன் விசிறி புகையை உள்ளே இழுத்து, இரண்டே மாதத்தில் உட்புறம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. தூசு தட்டலாம் என்று கவியா பெயிண்ட் பிரஷ் வாங்கி வந்தால், மேலே ஒட்டியிருந்த பாலித்தீன் உறையைக் கிழிக்கக் கூடாது, புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று கோதண்டராமன் தடை போட்டார். அப்டேட் செய்யட்டுமா என்று மெஷின் கேட்டபோதெல்லாம் ராகு காலம் போகட்டும் என்று தள்ளிவைத்தார். அது ஒரு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பதையே விட்டுவிட்டது. வல்லரசு இலவசமாகக் கொடுத்த பென் டிரைவைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, வைரஸ் அண்டாமல் இருக்க மெஷினின் கழுத்து என்று தனக்குத் தோன்றிய இடத்தில் தாயத்தாகக் கட்டினார். பாஸ்வேர்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்ட் அருணாசலா ஒன்று இரண்டு மூன்றுதான். மீதிப் பேர் அதையும் சுவரில் எழுதிவைத்திருப்பார்கள்.

இத்தனையையும் அந்த மெஷின் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது ஒரு சொல்லால். நம் வீடுகளில் விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை, அது ஆகாத சொல். விளக்கை மலையேத்து என்போம், பாலில் தோய்த்த பூவால் திரியை மெல்லத் தொட்டுக் குளிரவைப்போம். விளக்குக்குச் சரி. கோதண்டராமன் அந்த வழக்கத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தார். சிவப்பாக எரிகிறதே, அதுவும் விளக்குதானே என்பது அவர் வாதம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு செம்பருத்தியைப் பாலில் தோய்த்து, அதன் காம்பால் பட்டனை அமுக்கிப் பிடிப்பார். கவியா எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்க, மெஷின் மூச்சை நிறுத்தும். பால் கீபோர்டில் சொட்டும்.

“அப்பா, ஷட்டவுன் குடுத்து முறையா அணைக்கணும்பா. இப்படி அமுக்கினா கெட்டுப்போயிடும்.”

“வெளக்கு வெச்ச நேரத்துல அணைக்கிறது கிணைக்கிறதுனு வாயில வராத. மலையேத்துனு சொல்லு.”

பிறகு மெஷினைப் பார்த்துக் கைகூப்பி, “மலையேறும்மா தாயே” என்பார். ஆயிரத்து நானூறு சாயங்காலம் இதே சொல்லைக் கேட்ட எதுவும் ஒரு நாள் கிளம்பத்தான் செய்யும்.

கவியாவையும் நான் விடுவதாக இல்லை. இலைப்புள்ளியில் முன்பருவம் எது, பின்பருவம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள், நான்கு வருட உழைப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. கேட்டால், கொல்லையிலிருந்து திரும்பும்போதே விளக்கு வைக்கும் நேரமாகிவிடுகிறது, அதற்குமேல் வீட்டிலிருந்து உப்பு தயிர்கூட வெளியே கொடுக்கக் கூடாது, எழுதியதை வெளியே அனுப்பினால் லட்சுமி போய்விடுவாள் என்று அப்பா சத்தம் போடுகிறார் என்பாள். காலையில் எடுத்திருக்கலாமே என்றால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்பாள். படித்தவர்களின் நாளைக்கும் படிக்காதவர்களின் ராகு காலமும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

மெஷின் போன அன்று ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. இந்த முறை தவறினால் பதிவே ரத்து, நான்கு வருடமும் வீண். முதல் கொல்லையிலிருந்து தொடங்க அந்தச் செடிகளும் இல்லை, அந்த இலைகளும் இல்லை. கவியா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மேடையில் தனியாக நின்ற மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நோ சிக்னல் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் பேசாத ரேணுகாம்பாள் அன்று புருஷனிடம், “நீங்கதான் தினம் போ போன்னீங்க. இப்ப நீங்களே வரச் சொல்லுங்க” என்றாள்.

கம்ப்யூட்டர் பாதி மலையில், ஒரு பாறை விளிம்பில் நின்றிருந்தது. சிவப்பு விளக்கு கீழிருந்தே தெரிந்தது. கோதண்டராமன் பழைய விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். நிற்க ஒரு விசில், போக இரண்டு விசில் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் முப்பது வருடப் பழக்கம், ஒன்று ஊதியதும் வாய் தானாக இரண்டாவதையும் ஊதிவிட்டது. கம்ப்யூட்டர் இன்னும் நூறடி மேலே போய் நின்றது. அதற்குப் பிறகு ரேணுகாம்பாள் விசிலைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் வேலியோரம் சூடம் விற்க இரண்டு பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள், பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களோடு இதை ஒன்பதாவதாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு குழு கிளம்பி, தனக்கே தலைவரும் செயலாளரும் போட்டுக்கொண்டது. செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர்கள் பாய் கொண்டுவந்து விரித்து, எல்லாத் தொடர்பையும் துண்டித்துக்கொண்ட ஞானி என்று அதைப் பார்த்துக் கண்ணை மூடினார்கள். பௌர்ணமி அன்று வந்த கூட்டம் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று, தங்கள் வீட்டு லேப்டாப்புகள் ஹேங்க் ஆகாமல் இருக்க வேண்டிக்கொண்டது. கவியா வனக்காவலர் முருகவேலிடம் போய், மேலே ஏறி எடுத்துவர விடுங்கள் என்று கெஞ்சினாள். ஆட்கள் ஏற அனுமதி இல்லை என்றார் அவர்.

“அது மட்டும் ஏறிச்சே சார்?”

“அதுக்கு ரூல்ஸ்ல எதுவும் போடலம்மா. ஆளுங்களுக்குத்தான் தடை. நீங்க வேணும்னா ஆன்லைன்ல மனு போடுங்க, வீட்ல கம்ப்யூட்டர் இருக்குமே.”

பதினாறாம் நாள் வல்லரசு வந்தான். காலியான மேடையையும், தாளிப்புப் புகை படிந்த சுவரையும், சட்டம் போட்ட தன் தாளையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். சட்டத்தைக் கழற்றி, நடுவில் இருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டினான். எல்லாவற்றையும் வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள் என்ற ஆறாம் குறிப்பு வெளியே வந்தது. கோதண்டராமன் அதை இப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். வல்லரசு அவரிடம், “மத்தது கெடக்கட்டும் சார். இத்தன நாள்ல ஒரு நாளாவது அத முறையா அணைச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் கேட்டது கவியாவின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை அவள் வேலியோரம் போனாள். சூடக்காரர்கள், குழுத் தலைவர், பாய் விரித்தவர்கள், படம் பிடிப்பவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மலையை நிமிர்ந்து பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, “அணைக்கிறேன், வா!” என்று கத்தினாள்.

கூட்டம் அதிர்ந்துபோனது. நெருப்பே தெய்வமாக நிற்கும் மலைக்கு முன்னால் அந்தச் சொல்லா என்று குழுத் தலைவர் அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தார். அதற்குள் மேலே சிவப்பு விளக்கு அசைந்தது. அந்தச் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் இருப்பதை அத்தனை பக்தர்களும் மறந்துபோயிருந்தார்கள், கம்ப்யூட்டர் மறக்கவில்லை. பாறைக்குப் பாறை தட்டுத்தடுமாறி, ஒயர் தேய்ந்து, பாலித்தீன் உறை முள்ளில் கிழிந்து தொங்க, முக்கால் மணி நேரத்தில் இறங்கி வந்து வேலிக்கு அடியில் புகுந்து அவள் கைகளுக்குள் ஏறியது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஜுரம் கண்ட குழந்தை போலச் சுட்டது அது. கரண்ட் இல்லாமலே உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல மெல்ல வேகம் குறைந்து, முதல்முறையாகத் தானாக நின்றது. பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. இறங்கி வந்த சாமியை இந்த ஊருக்குப் பிடிக்காது.

அன்றைக்கே தாயத்துக் கயிற்றை அரிவாள்மணையில் அறுத்துப் பென் டிரைவை எடுத்தாள். ஒரு நகல் அதில், ஒரு நகல் வல்லரசு கடை ஹார்ட் டிஸ்கில், ஒரு நகல் இணையத்தில். ஆய்வேட்டில் ஒரு எழுத்தும் குறையவில்லை. கடைசியில் அவள் போடாத ஒரு அட்டவணை கூடியிருந்தது. பதினேழு நாளும் மலைமேல் எத்தனை மணிக்கு மேகம் இறங்கியது, காற்றில் ஈரம் எவ்வளவு என்று மணிவாரியாக. இலைப்புள்ளி பரவுவதற்கு ஈரம்தான் காரணம் என்பதால் அதையும் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டாள். குறித்த நாளுக்கு முந்தின நாள் கொடுத்தாள், பட்டமும் வாங்கினாள். அந்தப் பின்னிணைப்பைத்தான் தேர்வாளர்கள் தனியாகப் பாராட்டினார்களாம்.

கம்ப்யூட்டர் இப்போது வடக்கு அறையில் ஜன்னலோரம் இருக்கிறது. மாதம் முதல் தேதி ரேணுகாம்பாள் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசு தட்டுகிறாள். தினமும் வேலை முடிந்ததும் கவியா அணைக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லி, முறையாக அணைக்கிறாள். அந்த வீட்டுக்கு இதுவரை ஒரு கெடுதலும் வரவில்லை. கோதண்டராமன் திருந்திவிட்டதாகச் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் அவர் போவதில்லை, அவ்வளவுதான். மூன்று மாதமாகப் புது மிக்ஸிக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கிறார். மிக்ஸி நான்கு விரற்கடை வாசல் பக்கம் நகர்ந்திருக்கிறது. ரேணுகாம்பாள் அதை ஒரு கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துவிட்டுத்தான் சட்னி அரைக்கிறாள்.