எந்தக் காதுல?

கவட்டை மாதிரி இருந்த இரும்பை டாக்டர் முழங்கையில் தட்டி, அதன் காம்பைச் சாமிதுரையின் உச்சந்தலையில் ஊன்றினார். "எந்தக் காதுல நல்லா கேக்குது?"

சத்தம் நேராக இடது காதுக்குப் போனது. பங்குனியில் சுண்ணாம்புக்கல் குவாரி வெடியில் போன காது. ஐந்து மாதமாகப் பொண்டாட்டி பேச்சைக்கூடக் கேட்காத காது, இன்றைக்கென்று பார்த்துத் தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போல ரீங்காரமிட்டது.

செவிட்டுக் காதில்தான் நன்றாகக் கேட்கிறது என்றால் எவன் நம்புவான்? ஏமாற்றுக்காரன் என்று விரட்டிவிடுவார்கள். அரியலூர்க் கல்யாண மண்டபத்தில் நடக்கும் இந்த முகாமை விட்டால் இலவச ஆபரேஷனுக்கு வேறு வழியில்லை. ஒற்றைக் காதுக்கு, வெடிக்கு முன்னால் ஊதும் விசில் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று பிடிபடுவதில்லை. போன வாரம் வெடி வைத்த பக்கமே ஓடினான். "காத சரிபண்ணிட்டு வா, இல்லாட்டி வராத" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துப் பதில் சொன்னான். வலது காதைத் தொட்டு, "இதுலதாங்க."

"நரம்பு போயிருச்சு. ஆபரேஷன் பண்ணிப் பிரயோசனமில்ல" என்று சீட்டில் எழுதினார் டாக்டர்.

அடுத்து வந்த கிழவர் பஞ்சநாதன், சீழ் வடியும் காதையே தயங்காமல் காட்டினார்.

"பாத்தியாம்மா" என்றார் டாக்டர் நர்ஸிடம். "நடுக்காதுல வழி அடைபட்டா, எலும்பு வழியா வர்ற சத்தம் அந்தக் காதுலதான் கூடக் கேக்கும். நரம்பு நல்லாருக்குன்னு அர்த்தம். ஆபரேஷனுக்கு எழுதிக்க."

வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த சாமிதுரை, இதைக் கேட்டுத் திரும்பி ஓடி வந்தான். "சார், எனக்கும் கெட்ட காதுலதாங்க கேட்டுச்சு. பயந்து மாத்திச் சொல்லிட்டேன். இன்னொருக்க வச்சுப் பாருங்க."

"இனிமே வச்சு என்னய்யா, பதில்தான் தெரிஞ்சுபோச்சே. ஒட்டுக்கேக்குற அளவுக்குக் காது இருக்கு, ஒனக்கெதுக்கு ஆபரேஷன்?"

மண்டபமே சிரித்தது. சிரிப்பு எந்தப் பக்கமிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை. மரியாதைக்குத் தானும் கொஞ்சம் சிரித்துவைத்தான்.

தா.பழூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். இஞ்சின் உறுமல் மண்டை வழியாக ஏறி இடது காது முழுக்க நிறைந்தது. அவ்வளவு துல்லியம், கியர் மாற்றுவதுகூடக் கேட்டது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப்பிள்ளை அவன் முழங்காலைத் தட்டித் தட்டி, வாயசைத்து ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள்.