ஒன்பதாவது மாடி

"அக்கா, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று அவன் மறுபடியும் சொன்னான். இதற்கு முன்பு காற்றாட நடந்துவிட்டு வரச் சொல்லிப் பார்த்தாயிற்று. அதற்கும் முன்பு, கீழே மருந்துக் கடையில் சில்லறை பாக்கி இருக்கிறது, வாங்கி வா என்றான். அந்தச் சில்லறையை அவனே காலையில் வாங்கிவிட்டிருந்தான்.

அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "எனக்கு வேணாம்டா. இப்பதான் கண்ணத் திறந்தாரு."

"அதான் சொல்றேன். திறந்துட்டாருல்ல, இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல உனக்கு. நீயும் மயங்கி விழுந்தா ரெண்டு பேரையும் நான் ஒருத்தனே பாக்கணும்."

அவள் தன் கணவரின், அவனுடைய மாமாவின், முகத்தைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கட்டை விரலை உள்ளே தள்ளி மூடினாள். "உனக்கு?"

"எனக்கு வேணாம்."

அவள் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அவன் இரண்டு முறையும் தலையை ஆட்டினான், எல்லாம் தன் பொறுப்பில் இருக்கிறது என்கிற மாதிரி. அது உண்மைதான். எல்லாம் அவன் பொறுப்பில்தான் இருந்தது. பிரச்சினையே அதுதான்.

"சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனும் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அந்த நிமிடம் அவன் மனதில் வந்தது மாமாவின் முகம் அல்ல. பென் டிரைவ் மாதிரி இருக்கும் ஒரு சின்னக் கருவி.

குடும்பத்தில் அவனுக்கு 'டெக்னிகல்' என்று பெயர். சித்தப்பா வீட்டு டிவி ரிமோட்டில் தலைகீழாகப் போட்டிருந்த பேட்டரியைத் திருப்பிப் போட்ட நாளில் வந்த பட்டம். அதற்குப் பிறகு அவன் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் பட்டம் நிரந்தரமாகிவிட்டது. ஆய்வகத்தில் அவனுடைய வேலையில் பாதி, கணினி ஓடவில்லை என்று சொல்பவர்களிடம் சுவிட்சைப் போட்டீர்களா என்று கேட்பது. மீதிப் பாதி, அதை மரியாதையாகக் கேட்பது.

மாமா லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஓர் ஆடிட்டர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். மாமா வெளியே கதவோடு போராடிக்கொண்டிருக்க, உள்ளே இருந்த ஆடிட்டர் பயத்தை மறக்க வாய் ஓயாமல் பேசினார். கதவு திறந்தபோது ஆடிட்டர் வீட்டுக்கு ஓடினார். மாமா கிரிப்டோ முதலீட்டாளர் ஆகியிருந்தார். ஓவர்டைம் காசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த டிஜிட்டல் நாணயத்தில் போட ஆரம்பித்தார். வாடகை வீட்டைவிட்டு, சொந்தமாக ஒரு தரைத்தள வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. வேறு சேமிப்பு என்று அவர்களுக்கு எதுவும் கிடையாது.

அதைப் பத்திரமாக எங்கே வைப்பது என்று கேட்கத்தான் மாமா அவனைக் கூப்பிட்டார். "வாலட்டுன்னு சொல்றாங்களே, அதுல பல தினுசு இருக்காமே. நீ படிச்சவன். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

அவன் பாத்ரூமுக்குள் போய் போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, நிபுணனாக வெளியே வந்தான்.

"வாங்கின கம்பெனிகிட்டயே விட்டு வைக்கலாம் மாமா. ஆனா சாவி அவங்க கையில இருக்கும். கம்பெனி படுத்துட்டா நம்ம காசும் சேந்து படுத்துக்கும்."

"வேணாம். அடுத்தது?"

"போன்ல ஒரு ஆப் போட்டுக்கலாம்."

"உங்க அக்கா போனையே தண்ணிக் குடத்துக்குள்ள போட்டவ. அடுத்தது?"

"தனியா ஒரு கருவி இருக்கு. நெட்டோட ஒட்டாம தனியா கிடக்கும். நம்பர் போட்டாத்தான் திறக்கும்."

மாமா யோசித்தார். "கருவி கெட்டுப்போச்சுன்னா? லிஃப்ட்ல கரண்ட் போனாலும் கையாலயே பிரேக்க விடுவிச்சு ஆள இறக்கிடலாம். இதுல அப்படி ஏதாவது இருக்கா?"

"இருக்கு மாமா. பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை கொடுக்கும். கருவி தொலைஞ்சாலும் அந்த வார்த்தைங்கள வரிசையாச் சொன்னா வேற கருவியில எல்லாம் திரும்ப வந்துடும்."

மாமா அவனை அப்படி ஒரு மரியாதையோடு பார்த்தார். அவனை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அங்கே நிறுத்தியிருக்கலாம். பெட்டிக்குள் அந்த வார்த்தைகளை எழுதி வைக்கவென்றே ஓர் அட்டைகூட இருந்தது. அவன் அந்த அட்டையை எடுத்து நான்காகக் கிழித்தான். "இதுதான் எல்லாரும் பண்ற தப்பு. எழுதவே கூடாது. மனசுல வச்சுக்கணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, அக்காகிட்ட கூட."

வீடியோவில் அப்படி யாரும் சொல்லவில்லை. எழுதிப் பூட்டி வை என்பதுதான் அதன் மீதிப் பாதி. அதை அவன் பிற்பாடு ஒருநாள் சாவகாசமாகப் பார்த்தான். மாமாவிடம் போய்ச் சொல்ல நினைத்தான். நினைத்ததோடு சரி. நிபுணர்கள் தங்கள் வாயால் தங்களைத் திருத்திக்கொள்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எழுதவில்லை. தான் பராமரிக்கும் ஒரு பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடத்தில், மனசுக்குள்ளேயே, மாடிக்கு ஒரு வார்த்தையாகக் குடிவைத்தார். "முதல் மாடியில லிஃப்ட் கதவு திறக்குது, ஒருத்தன் குடையோட நிக்கிறான். அம்ப்ரெல்லா. ரெண்டாவதுல கழுதை. எப்பூடி?" என்று ஒருநாள் காதோடு சொல்லிச் சிரித்தார்.

ஆக, திறக்கும் எண் மாமாவின் தலைக்குள் இருந்தது. எண் இல்லாவிட்டால் வேண்டிய வார்த்தைகளும் அதே தலைக்குள் இருந்தன. லிஃப்டை அப்படி ஒற்றைக் கயிற்றில் மாமா ஒருநாளும் தொங்கவிட்டிருக்க மாட்டார்.

அக்காவை வைத்துக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை நாளாக அவளுக்குச் சொல்லாதது யாருடைய யோசனை என்பதும் சேர்ந்து வெளியே வரும். அவன் காப்பாற்ற நினைத்த ரகசியம் அதுதான்.

திரையை இழுத்துவிட்டு, மாமாவின் காதருகே குனிந்தான். "மாமா. லிஃப்ட்ல ஏறுங்க. முதல் மாடி."

மாமாவின் கண்கள் அவனைத் தேடிப் பிடித்தன. மூக்குக் குழாய்க்குக் கீழே உதடுகள் அசைந்தன. "அம்...ப்ரெல்லா."

அவன் மருந்துக் கவரின் பின்புறம் எழுதினான். "மேல போங்க மாமா."

"டாங்கி."

"மேல போங்க."

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி திரையை விலக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். சாகக் கிடப்பவர் காதில் மேலே போகச் சொல்கிறவனை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

மூன்றாவதில் ரிப்பன். நான்காவதுக்கு வெகுநேரம் ஆனது. மாமா மூச்சை இழுத்துச் சேர்த்து, "ஆக்சிஜன்" என்றார்.

அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் ஓடி வந்தாள். "ஆக்சிஜன் கேக்கறாரா?" குழாயைச் சரிசெய்தாள், குமிழைத் திருகினாள், மாமாவின் தலையணையை உயர்த்தினாள். "நல்லாப் பாத்துக்கறீங்க சார். இப்படி ஒருத்தர் கூட இருந்தாலே போதும்."

"தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான்.

ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மாமாவின் நெற்றி வேர்த்தது. எட்டாவதில் கம்பளம் விரித்திருந்தது. அதைச் சொல்லும்போது மாமா லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. அவன் வியர்வையைத் துடைக்கவில்லை. ஒரு கையில் கவர், ஒரு கையில் பேனா.

"ஒன்பதாவது மாடி, மாமா."

மாமாவின் கண்கள் திரையின் பக்கம் போய்த் திரும்பின.

"ஒன்பது மாமா. கதவு திறக்குது. யாரு நிக்கிறா?"

"அவள..." என்றார் மாமா. "அவளக் கூப்பிடு."

"கூப்பிடறேன் மாமா. இன்னும் நாலே மாடிதான். ஒன்பது சொல்லுங்க."

"கூப்பிடு."

"இதோ கூப்பிடறேன். ஒன்பது மட்டும்."

மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. ஒரு கதவு ஏன் திறக்கவில்லை என்று வெளியில் நின்று பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு இயந்திரம் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து விலக்கினாள். அவன் கவரைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

அக்கா வரும்போது இரண்டு கைகளிலும் காகிதக் கப் இருந்தது. வேண்டாம் என்று சொன்னவனுக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தாள். அவனுடைய கப்பை அவன் கையில் கொடுத்த பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாராடா?" என்று அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"உன்னத்தான் கேட்டாரு. கூப்பிடறதுக்குள்ள..." அவன் முடிக்கவில்லை. முடிக்க முடியாதது துக்கத்தால் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வீட்டுக் கூடத்தில் மாமாவின் உடலைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சித்தப்பா வருகிறவர்களிடமெல்லாம் அவனைக் காட்டினார். "பெத்த பிள்ளை இருந்தாக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான். நம்ம டெக்னிகல்தான் கையப் பிடிச்சபடி கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்துலயே இருந்தான். நர்ஸே சொல்லிச்சு."

வந்தவர்கள் அவன் முதுகைத் தடவினார்கள். தடவத் தடவ அவன் குனிந்தான். குனியக் குனிய, எவ்வளவு பாசம் பார் என்றார்கள். அதற்கு மேல் குனிய இடமில்லாமல்தான் அவன் எழுந்து சமையலறைக்குப் போனான்.

அக்கா தனியாக நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ செய்கிறேன் என்றதற்கு விடவில்லையாம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மாமா அந்தக் காச ஒரு கருவியில வச்சிருந்தாரு. அதுக்குப் பன்னிரண்டு வார்த்தை இருக்கு. எழுத வேணாம், உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். என்கிட்ட எட்டுதான் இருக்கு." கசங்கிய கவரை மேடைமேல் வைத்தான். "மீதி நாலுக்கு என்ன வழின்னு யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கறேன்."

அக்கா கவரைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் படித்தாள். அவள் உதடுகள் அசைந்தன. எட்டாவது வார்த்தையைத் தாண்டியும் அசைந்துகொண்டே இருந்தன.

"ஒன்பது, லெமன்" என்றாள். "பத்து, பிளாங்கெட். அப்புறம் ஜிராஃப், விண்டோ."

அவன் அவளையே பார்த்தான்.

"தினமும் நான் பாத்திரம் கழுவுவேன், அவரு துடைச்சுக்கிட்டே சொல்லுவாரு. ஒன்பதுல எப்பவும் மாட்டிக்குவாரு. நான்தான் எடுத்துக் கொடுப்பேன்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "திறக்கற நம்பரும் தெரியும். நீ என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னியாமே, அதையும் சொன்னாரு. சின்னப் பையன், பெரிய மனுஷன் மாதிரி பேசறான், கேட்டுக்குவோம்னு சிரிச்சாரு."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அக்கா கவரை இன்னும் கையில் வைத்திருந்தாள். எழுத்துகளைப் பார்த்தாள். முதல் வார்த்தை நேராக இருந்தது. போகப் போக அவசரம் கூடி, எட்டாவது கோணலாகிக் கிடந்தது.

"அதுக்குத்தான் என்னை டீ குடிக்கச் சொன்னியா?"

அவன் கவரை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"என்னைக் கேட்டாருன்னு சொன்னியே." அவள் குரல் உயரவில்லை. "அது ஒன்பதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

குழாய் திறந்தே இருந்தது. நிறைந்துவிட்ட டம்ளர் ஒன்றில் தண்ணீர் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. அவன் டம்ளரைப் பார்த்தபடி நின்றான். அக்கா குழாயை மூடினாள்.

"முகத்தக் கழுவிட்டு வா" என்றாள். "ஆளுங்க வந்துட்டாங்க."

வந்தவர்கள் மாமாவோடு வேலை பார்த்தவர்கள். நான்கைந்து பேர், வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார்கள். வீடு நான்காவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வயதான ஃபோர்மேன் படிக்கட்டின் திருப்பங்களைக் கையால் அளந்து பார்த்துவிட்டு வந்தார்.

"திருப்பம் குறுகல். ஸ்ட்ரெச்சரச் சாய்ச்சுத்தான் இறக்கணும். தலைப்பக்கம் நாங்க ரெண்டு பேர் மேல பிடிச்சுக்கறோம். கால்பக்கம் ஒருத்தர் பின்பக்கமா நடந்தே இறங்கணும். கஷ்டமான இடம். நம்ம பசங்கள்ல ஒருத்தன்..."

"என் தம்பி பிடிப்பான்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் அவனைப் பார்க்காமல் ஃபோர்மேனையே பார்த்துச் சொன்னாள். "கடைசியில அவன்தான் பக்கத்துல இருந்தான்."

"அதான் முறை" என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் கால்பக்கத்துக் கம்பிகளைப் பிடித்தான். தூக்கியதும் எடை முழுவதும் சரிந்து அவன் பக்கம் வந்தது. முதுகைப் படிக்குக் காட்டி, காலால் துழாவி முதல் படியைத் தேடினான். மாமாவின் தலை மேலே உயர்ந்திருந்தது. முகம் அவனுக்கு நேராக இருந்தது. அவன் சட்டென்று தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் கீழே பார்த்தான். ஸ்ட்ரெச்சர் ஆடியது.

"கீழ பாக்காதீங்க தம்பி, தடுமாறும்" என்றார் ஃபோர்மேன் மேலிருந்து. அன்பாகத்தான் சொன்னார். "அவர் முகத்தப் பாத்துக்கிட்டே இறங்குங்க. படி தானா வரும்."

அவன் முகத்தைத் திருப்பி மாமாவைப் பார்த்தான். படி வந்தது.