பூட்டுத்தின்னி

பூட்டு ரிப்பேர் என் தொழில். ஊரில் பாதிக் கதவுகள் என் கையால் திறந்தவை. என் கல்யாணத்துக்கான கதவு மட்டும் இன்னும் துருப்பிடித்து நிற்கிறது. வேறு சோலி ஏது? அக்கா கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“உள்ள பூட்டிக்கிட்டாடா. நேத்திலிருந்து ஒரு வாய் சாப்பிடல.”

அக்காவின் புருஷன் பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனதிலிருந்து அவள் மகள் மனிதர்களோடு பேசுவதில்லை. பேச்சு, உறவு எல்லாம் பூதங்களோடுதான்.

பூட்டு என் கடையில் வாங்கியது. இரண்டே திருகலில் திறந்துகொண்டது. விற்றவனுக்கே வெட்கமாகிவிட்டது.

“கதவைச் சாத்துங்க மாமா. வெளிய வந்துரும்.”

ஜன்னலில் போர்வை தொங்கியது. பதினைந்து வயதுப் பெண், கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலமாரியையே பார்த்தாள்.

“எத்தனை பேர் குடியிருக்காங்க? வாடகையாவது தர்றாங்களா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அதுங்களுக்குப் பிடிக்காது.”

“எனக்கும் ஒருத்தனைத் தெரியும். பேரு பூட்டுத்தின்னி. இரும்புதான் சாப்பாடு. அவனாலதான் என் கடையே ஓடுது,” என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. “அந்தப் பேரை நான் யார்கிட்டயும் சொல்லலையே.”

என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. வியர்வை என்று வைத்துக்கொண்டேன்.

“சரி, வா. அம்மா தட்டோட நிக்கிறா.”

“மாட்டேன். அதுங்க யாரும் அப்பா மாதிரி விட்டுட்டுப் போகாது. நான் இங்க இல்லன்னா தேடிக்கிட்டு வரும். வெளிய அம்மா இருக்காங்க.”

அடம்பிடிக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தோம். பிள்ளை எங்களுக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

“நான் உட்கார்றேன். நீ போய் சாப்பிடு.”

“விளையாட்டுக்குச் சொல்றீங்களா மாமா?”

“இல்லடா,” என்றேன். என் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் வந்தது எனக்கே புதிது.

“அலமாரிக்கு முதுகு காட்டாதீங்க.” எழுந்து போனாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் உட்கார்ந்திருந்த இடம் சில்லென்றிருந்தது. வெளியே தட்டுச் சத்தம். அக்கா மூக்கை உறிஞ்சினாள். “இன்னும் கொஞ்சம் போடும்மா,” என்றது பிள்ளையின் குரல். அவள் இப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்போது அலமாரிக்குள் யாரோ மெல்லும் சத்தம். நறுக், நறுக். காலடியில் இருந்த பைக்குள் கையை விட்டேன். ஸ்க்ரூடிரைவர் பாதிதான் இருந்தது. நுனியில் ஈரம்.

கதவைத் தட்டலாம். ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும், பிள்ளை தட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

“மெதுவா சாப்பிடுப்பா,” என்றேன், அலமாரியைப் பார்த்தபடி. “அவ இன்னும் முடிக்கல.”